ஆற்றை அளந்த இளையோர்: நீர் அவதானிப்பின் வரலாறும் தோப்பூர்ப் பிரதேசமும்

மத்திய மலைநாட்டில் ஊற்றெடுக்கும் மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் தூரம் ஓடிக் கொட்டியாரக் குடாவிற் கடலொடு கலக்கின்றது. இலங்கைத் தீவின் பரப்பில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு இந்நதியின் வடிநிலமாகும். கடலை அணுகுமிடத்து நதி கிளை பிரிகின்றது. ஒரு கிளை மூதூருக்கு மேற்கே குடாவை அடைய, வெருகலாறு எனப் பெயர்பெறும் மறு கிளை தென்கிழக்கே சென்று வெருகல் முகத்துவாரத்தில் வீழ்கின்றது. இவ்விரு கிளைகளுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்திலேயே தோப்பூர் அமைந்துள்ளது. ஆற்றின் தலைப்பிலே வாழ்வோர் செய்வன யாவும் ஆற்றின் அடியில் வாழ்வோரை வந்தடைகின்றன. கண்டி நகரின் கழிவைச் சுமந்து கெட்டம்பேயில் மகாவலியிற் கலக்கும் மெத எல, பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தினூடே செல்லும் கங்கை, பொல்கொல்லையில் 1976 முதல் திசைதிருப்பப்படும் நீர், 1980களில் எழுந்த கொத்மலை, விக்ரோரியா, ரந்தெனிகலை அணைகள் ஆகிய யாவற்றின் விளைவும் இறுதியாகச் சேருமிடம் கொட்டியாரமே. ஆயின், அங்கு வந்துசேரும் நீர் எத்தன்மையது என்பதை அறிந்து கூறும் அதிகாரம் யாருக்கு இருந்துவந்துள்ளது? இக்கட்டுரை அவ்வினாவின் வரலாற்றை, குறிப்பாகப் பாடசாலைப் பருவத்து இளையோர் அவ்வதிகாரத்தில் எவ்வாறு பங்குபெறத் தொடங்கினர் என்பதை ஆராய முயல்கின்றது.

தமிழ்நாட்டு வரலாற்றிலே நீர்நிலைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு முதியோர்க்கு உரியதாகவே இருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இதற்குத் தக்க சான்றாகும். ஏரி வாரியம் முதலான வாரியங்களுக்குத் தெரிவு செய்யப்படுவோர் 35 வயதுக்கு மேற்பட்டோராகவும் 70 வயதுக்கு உட்பட்டோராகவும் இருத்தல் வேண்டுமென 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு விதிக்கின்றது. நிலவுடைமையும் வேதக்கல்வியும் வேண்டப்பட்டன. இதில் ஒரு சுவையான செய்தியும் உண்டு. குடத்திலிருந்து ஓலையை எடுத்துக் கொடுப்பவன் ஒரு சிறுவன். அவன் விபரம் அறியாதவனாக இருப்பதே அங்கு அவனது தகுதி! ஏரி பற்றிய முடிவுகளிற் சிறுவனுக்கிருந்த பங்கு, அவனது அறியாமையினால் அவனுக்குக் கிடைத்த பங்கேயாகும்.

ஈழத்தின் கிழக்கிலங்கைப் பகுதியிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. வயல்வெளிகளின் நீர்ப்பங்கீட்டை வட்டை விதானைமார் மேற்பார்வை செய்தனர். எந்தக் கண்டத்துக்கு எப்போது வாய்க்கால் திறப்பது, குளம் வான் பாயுமுன் துருசை எவ்வளவு உயர்த்துவது ஆகியன அவர்களது அனுபவத்தைச் சார்ந்திருந்தன. பிரித்தானியர் ஆட்சியிலே, தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்து 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இப்பழைய நீர்ப்பாசன வழமைகளுக்குச் சட்டவலு அளித்தது. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியாக நிறுவப்பட்டபின்னர், நீர்மட்டம் அளவுகோல்களிற் பதியப்பட்டுக் கடிதமூலம் தலைமையகம் சென்றது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய விதானைப் பதவியையே அகற்றிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. கிராமத்து முதியவரின் கண்ணிலிருந்து திணைக்களத்தின் பதிவேட்டிற்கு நீரறிவு இடம்பெயர்ந்த வரலாறு இது. இம்மாற்றத்தால் நன்மையே விளையவில்லை எனக் கூறுவதற்கில்லை. எனினும் பதிவேடு ஊரில் இல்லை. தன் ஆற்றின் நூறாண்டு நீர்மட்டத்தை அறிய விரும்பும் தோப்பூர் மாணவன் கொழும்புக்குக் கடிதம் எழுதவேண்டியவனாகின்றான்.

நீரை நோக்கத் தவறியதன் விலை எத்தகையது என்பதை 1934–35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் காட்டிற்று. தென்மேற்குப் பருவமழை பொய்த்தமையால் மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற வற்றாத ஆறுகள் சிறுசிறு குட்டைகளாகச் சுருங்கின. வேகமாக ஓடும் நீரில் வாழவியலாத அனோபிலிசு கியூலிசிபேசிசு என்னும் நுளம்பின் குடம்பிகள் அக்குட்டைகளிற் பல்கிப் பெருகின. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அவ்வேளை கேகாலைப் பகுதியில் நிவாரணப் பணியாற்றியோருள் சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் முக்கியமானவர்கள். வீடுவீடாகச் சென்று மருந்தும் உணவும் வழங்கிய அவர்களது பணி அரசியல் வரலாற்றில் விரிவாகப் பேசப்படுகின்றது. ஆனால், ஆறு குட்டைகளாகத் துண்டுபடுவதை முன்கூட்டியே எண்ணிப் பதிந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படவில்லை. 1990களிலே கொழும்பிலிருந்த சர்வதேச நீர்ப்பாசன முகாமைத்துவ நிறுவனமும் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் யான் ஓயாவின் மேற்பகுதியில் நடத்திய ஆய்வு இவ்வினாவுக்கு ஓரளவு விடை தந்தது. அப்பகுதியில் இந்நுளம்பின் பிரதான பெருக்கிடம் ஓடையே என்பதும், ஓடையின் நீர்மட்டத்தை ஒழுங்குசெய்வதன் மூலம் பெருக்கத்தைக் குறைக்கலாம் என்பதும் அதிற் புலனாயின. திருக்கோணமலை மாவட்டத்தின் வடபாலிற் கடலடையும் அதே யான் ஓயாதான் அது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றுபெற்றது. குட்டைகளோ வரட்சி தோறும் தோன்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

இனி, இளையோர் இவ்வரலாற்றினுள் நுழைந்த கட்டத்தை நோக்குவோம். ஆற்றில் வாழும் சிற்றுயிர்களைக் கொண்டே அதன் தூய்மையை மதிப்பிடலாம் என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியின் கொல்க்விற்சு, மார்சன் என்னும் இருவர் முறைப்படுத்தினர். இரசாயனச் சோதனை, நீரை அள்ளிய கணத்தை மட்டுமே கூறும். கல்லின் அடியிற் பல மாதம் வாழும் பூச்சியோ, அம்மாதங்கள் முழுவதற்கும் சாட்சியாகின்றது. நேற்றிரவு கள்ளமாகத் திறந்துவிடப்பட்ட கழிவு இன்று காலை கடலைச் சேர்ந்துவிடலாம். இறந்த பூச்சி மீள்வதில்லை. இச்சாட்சியத்தைக் கேட்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு வலையும் வெண்ணிறத் தட்டும் கூரிய கண்ணும் போதும். இளையோர்க்கு ஆற்றின் வாயிலைத் திறந்துவிட்டது இந்த எளிமையே.

1971இல் இங்கிலாந்திலே கல்வி ஆலோசனை நிலையம் என்னும் அமைப்பும் 'சண்டே ரைம்ஸ்' பத்திரிகையும் இணைந்து, நாடளாவிய நீர் மாசடைவு ஆய்வொன்றைச் சிறுவரைக் கொண்டு நடத்தின. ஆயிரக்கணக்கான சிறுவர் ஓடைகளில் இறங்கினர். கல் ஈ, மே ஈ ஆகியவற்றின் குடம்பிகள் காணப்படின் நீர் தூயது. நன்னீர் இறால்களும் நீர்ப்பேன்களும் இடைநிலையைக் காட்டுவன. செம்புழுக்களும் எலிவாற் புழுக்களும் மாத்திரம் எஞ்சின் நீர் கெட்டது. எவ்வுயிரும் இல்லையெனின் கூறவே வேண்டியதில்லை. கென்னத் மெலன்பி என்னும் சூழலியலாளர் இதன் பெறுபேறுகளை 1974இல் ஆய்வுச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். சிறுவரின் குறிப்பேடுகள் அறிவுலகின் ஏட்டிலே இடம்பெற்ற தொடக்ககால நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்று என்ற வகையிற் கவனத்திற்குரியது.

இதனினும் கூர்மையானது ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து நிகழ்ச்சி. 1984இல் ஆன் ஆபர் நகரின் ஹியூரன் உயர்பாடசாலை மாணவர் சிலர், பாடசாலைக்கு அருகே ஓடும் ஹியூரன் ஆற்றில் பாய்ப்பலகை விளையாட்டில் ஈடுபட்டபின் ஈரல் அழற்சி நோய்க்கு ஆளாயினர். ஆற்று நீரே காரணமோ என மாணவர் ஐயுற்றனர். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்டாப் அவ்வையத்தைப் பாடத்திட்டமாக்கினார். மாணவர் நீரை ஆராய்ந்து, மலக்கழிவு சார்ந்த பற்றீரியாக்கள் அதில் மிகுந்திருத்தலைக் கண்டனர். அவர்கள் பயன்படுத்திய அளவுமுறை ஒன்பது சோதனைகளைக் கொண்டது: கரைந்த ஒட்சிசன், மலக்கோலியுரு பற்றீரியா, பி.எச். பெறுமானம், உயிரியல் ஒட்சிசன் தேவை, வெப்பநிலை, பொசுபேற்று, நைத்திரேற்று, கலங்கற்றன்மை, மொத்தத் திண்மம். பின்னர் இம்முயற்சி டிற்றொயிற் நகரூடாகச் செல்லும் றூஜ் ஆற்றுக்கு விரிந்தது. 1969இல் எண்ணெய்ப் படலம் தீப்பற்றி எரிந்த ஆறு அது. அங்கே நகரத்துப் பாடசாலைகளும் புறநகர்ப் பாடசாலைகளும் ஒரே நாளில் ஒரே ஆற்றின் வெவ்வேறு இடங்களில் நீரை அளந்து தம்முள் ஒப்பிட்டன. இனத்தாலும் வருவாயாலும் பிரிந்து வாழ்ந்த பிள்ளைகள் அவர்கள். மேலே இருப்பவர் விட்ட கழிவே கீழே இருப்பவரின் எண்ணாக மாறுகிறது என்பதைத் தம் கையாற் கண்டனர். 1989இல் ஸ்டாப் உருவாக்கிய உலக ஆறுகள் சுற்றாடற் கல்வி வலையமைப்பு இவ்வனுபவத்தைப் பல நாடுகளுக்கு எடுத்துச் சென்றது.

இந்தியாவிலே இம்முயற்சி வேறொரு பின்னணியைக் கொண்டது. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் விஞ்ஞானத்தை மக்கள் இயக்கமாகக் கண்டவை. 1993 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுவரையான பிள்ளைகள் தம் ஊரின் சிக்கலொன்றைத் தாமே ஆராய்ந்து கட்டுரை படிக்கின்றனர். நீர் அங்கு மீண்டும் மீண்டும் எழும் பொருள். குவாலியரில் மஞ்சா என்பாரும் உடனுழைத்தோரும் 1982இல் வெளியிட்ட எளிய சோதனையையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். ஊடகம் தோய்ந்த தாள் அடங்கிய சிறு போத்தலில் நீரை நிரப்பி அறை வெப்பநிலையில் விட்டுவைத்தால், மலக்கழிவு கலந்த நீர் கறுக்கும். ஆய்வுகூடம் இல்லாத ஊர்களுக்கென இந்தியாவிலேயே பிறந்த முறை இது. நமது பாடசாலைகள் மேனாட்டுப் பெட்டகங்களை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

'குடிமக்கள் விஞ்ஞானம்' என்னும் தொடர் 1990களின் நடுப்பகுதியிலே இரு வேறு பொருளில் வழக்கிற்கு வந்தது. பிரித்தானிய சமூகவியலாளரான அலன் ஏர்வின் 1995இல் எழுதிய நூலில், குடிமக்களின் தேவைக்கும் அறிவுக்கும் விடையிறுக்கும் விஞ்ஞானத்தை அது குறித்தது. அமெரிக்கப் பறவையியலாளரான றிக் பொனி அதனைக் கையாண்டபோதோ, பொதுமக்கள் தரவு திரட்டி விஞ்ஞானிகளுக்கு வழங்குதலைச் சுட்டிற்று. சொல் ஒன்று, பொருள் இரண்டு. இளையோரை ஆற்றுக்கு அழைத்துச் செல்லும் எந்த நிகழ்ச்சித்திட்டமும் இவ்விரண்டில் எதனைச் சேர்ந்தது எனக் கேட்டல் வேண்டும். தரவைப் பெற்றுக்கொண்டு சான்றிதழைக் கொடுத்தனுப்புவது ஒரு வகை. 'எம் வாய்க்கால் ஏன் நாறுகிறது' எனப் பிள்ளை கேட்டதிலிருந்து ஆய்வு தொடங்குவது மற்றொரு வகை. ஹியூரன் ஆற்று மாணவரது முயற்சி இரண்டாவதைச் சார்ந்தது. அதன் சிறப்பும் அதுவே.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்தது. அது நடத்தும் பாடசாலைச் சுற்றாடல் முன்னோடி நிகழ்ச்சித்திட்டத்திலே மாணவர் படிப்படியாகப் பதக்கங்கள் பெற்று, ஈற்றில் ஜனாதிபதி சுற்றாடற் பதக்கம்வரை உயரலாம். 1972இல் தெகிவளை மிருகக்காட்சிச் சாலையை மையமாகக் கொண்டு தோன்றிய இளம் விலங்கியலாளர் சங்கமும் பாடசாலை மாணவரைக் களத்துக்கு அழைத்துச் சென்ற அமைப்பாகும். இவை பாராட்டுக்குரியவை. எனினும் பதக்கம் மாணவனுக்குரியது. அவன் பாடசாலையை விட்டு நீங்கும்போது அது அவனுடன் போய்விடுகின்றது. ஆற்றுக்கு வேண்டுவது அவனுக்குப்பின் வருபவன் அதே பாலத்தடியில் அதே மாதத்தில் எழுதும் அடுத்த வரியே. ஒரு நாள் அளவீடு செய்தியாகும். இருபதாண்டு அளவீடே வரலாறாகும். பதக்கத்தை மையமாகக் கொண்ட அமைப்பு இவ்வேறுபாட்டை உணர்ந்து தன்னைத் திருத்திக்கொள்ளல் நன்று என்பது நமது கருத்து.

மேனாட்டு அட்டவணைகளை அப்படியே எடுத்தாள்வதிலும் இடருண்டு. கல் ஈ இனங்கள் இலங்கையில் மிகச் சிலவே. அவற்றைக் காணாமையால் ஓர் ஓடை கெட்டதெனத் தீர்ப்பிடுவது பிழை. 20 பாகை செல்சியசில் தூய நன்னீர் லீற்றருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.5 அளவாகக் குறையும். உவர்நீர் கலந்தால் இன்னும் குறையும். மெல்ல ஓடி, கடல்நீர் உட்புகும் வெருகலாற்றின் கீழ்ப்பகுதியை மிச்சிகனின் குளிர்ந்த ஓடையொடு ஒப்பிடுவது ஆற்றுக்கு இழைக்கும் அநீதி. 1970இல் ஒஸ்திரிய–இலங்கை நீருயிரியல் ஆய்வுக்குழு நமது மலையோடைகளின் உயிரினங்களை விரிவாக ஆராய்ந்தது. கழிமுகத் தாழ்நிலத்துக்கு அதற்கேற்ற தனி அட்டவணை வேண்டும். அதனை ஆக்கும் பணி பல்கலைக்கழக விலங்கியல் மாணவர்க்கும் ஊர்ப் பாடசாலை மாணவர்க்கும் பொதுவானது. மீன்பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளை, பூச்சியின் இலத்தீன் பெயரை அறியாவிடினும் அது எந்தக் கரையில், எந்தப் போகத்தில் இருக்குமென்பதை அறிவான்.

பிள்ளைகளின் அளவீட்டை நம்பலாமா என்னும் ஐயம் விரிவுரை மண்டபங்களில் அடிக்கடி எழுவதுண்டு. 2001இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, முறையான பயிற்சி பெற்ற தன்னார்வலர் திரட்டிய நீர்ப்பூச்சி மாதிரிகளுக்கும் தொழில்முறையாளர் திரட்டியவற்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை எனக் காட்டியது. பயிற்சியே இங்கு முக்கியம். ஆயினும் நம்பிக்கைச் சிக்கல் பிள்ளைகளைப் பற்றியது மாத்திரமன்று. சுன்னாகத்திலே மின் நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றி எழுந்த பிணக்கிலே நிபுணர்களின் அறிக்கைகளே ஒன்றோடொன்று முரண்பட்டன. 2019இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை 20 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்தப் பணிக்கும்வரை மக்கள் பல்லாண்டு அலைந்தனர். 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி இரத்துபஸ்வலையிலே குடிநீர் கேட்டுத் தெருவில் இறங்கியோர்மீது படையினர் சுட்டதில் மூவர் உயிரிழந்தனர். பாடசாலைப் பருவத்தினரும் அவர்களுள் இருந்தனர். கிணற்றுநீரின் அமிலத்தன்மையே அங்கு பிணக்கின் பொருளாயிருந்தது. பி.எச். தாள் ஒன்றின் விலை சில ரூபாவே. பிணக்கு எழுவதற்குப் பத்தாண்டு முன்பிருந்தே அவ்வூர்ப் பாடசாலையில் மாதந்தோறும் எழுதப்பட்ட ஒரு பதிவேடு இருந்திருப்பின், நீர் எப்போது மாறியது என்னும் வினாவுக்குத் தெருவிலன்றி மேசையில் விடை தேடியிருக்கலாம்.

தோப்பூர்ப் பிரதேசத்திற்கு இவ்வினா மேலும் நெருக்கமானது. வெருகலாற்று நீரை அல்லை விரிவாக்கத் திட்டத்தின் வயல்களுக்குத் திருப்பும் மாவிலாற்று அணைக்கட்டின் கதவு 2006 யூலையில் விடுதலைப் புலிகளால் மூடப்பட்டது. அதனைத் தொடர்ந்த இராணுவ நடவடிக்கை நான்காம் ஈழப்போரின் தொடக்கமாயிற்று. ஓகஸ்ட் மாதத்திலே மூதூர், தோப்பூர் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். முஸ்லிம், தமிழ், சிங்கள மக்கள் மூவரும் அவ்வொரே வாய்க்காலின் நீரை உண்டு பயிர் செய்பவர்கள். நீர் நின்றபோது மூவர் வயலும் காய்ந்தது. பாடசாலைகள் மொழியாலும் மதத்தாலும் பிரிந்து நிற்கும் இவ்வட்டாரத்திலே, தோப்பூர் மாணவரும் கிளிவெட்டி மாணவரும் சேருவில மாணவரும் ஒரே சனிக்கிழமையில் ஒரே வாய்க்காலின் தலைப்பு, நடு, அடி ஆகிய மூவிடங்களிலும் நீரோட்டத்தை அளப்பின், றூஜ் ஆற்றிற் கண்ட பயனை இங்கும் காணவியலும். அதற்கு வேண்டிய கருவி ஒரு தோடம்பழம், பத்து மீற்றர் கயிறு, கடிகாரம் ஒன்று. பழம் மிதந்து செல்லும் வேகத்தை வாய்க்காலின் குறுக்குவெட்டுப் பரப்பாற் பெருக்கி, அடித்தளத்தின் உராய்வுக்காக ஏறத்தாழ ஏழிலொரு பங்கைக் கழித்தால், வினாடிக்கு எத்தனை கனமீற்றர் நீர் செல்கிறது என்பது புலனாகும். 'மேலே உள்ளவன் நீரைத் தடுத்துவிட்டான்' என்னும் பழிச்சொல்லை எண்ணாக மாற்றலாம். எண்ணை மறுப்பவன் தானும் வந்து அளக்கலாம்.

இவ்விடத்து ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகின்றது. 1660இல் கொட்டியாரத்தில் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டபோது றொபேட் நொக்சிற்கு வயது பத்தொன்பது. ஏறத்தாழ இருபதாண்டுகள் கண்டி இராச்சியத்தில் அவன் நாட்டை நோக்கிக் குறித்தவை 1681இல் நூலாயின. 1679இல் அவன் தப்பியதும் ஆற்றின் துணையாலேயே. அநுராதபுரத்திலிருந்து அருவியாற்றின் போக்கைப் பின்பற்றிக் காட்டினூடே நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். ஆறு கடலுக்கே செல்லும் என்னும் எளிய அறிவு அவனைக் காத்தது. இதிலே வியப்பிற்குரியது, மூதூரிலே பிடிபட்ட ஓர் அந்நிய இளைஞன் எழுதியது மூன்றரை நூற்றாண்டாக நமக்கு ஆவணமாயிருக்க, அக்கரையிற் பிறந்து வளர்ந்த எத்தனையோ இளைஞர் அறிந்திருந்தவை ஓரேட்டிலும் எஞ்சாது போனமையே.

எஞ்சாது போனமைக்குக் காரணம் சோம்பல் மாத்திரமன்று. 1990களின் வன்செயல், 2004 டிசெம்பர் 26ஆம் திகதியின் ஆழிப்பேரலை, 2006இன் இடப்பெயர்வு எனக் கொட்டியாரக் கரை கண்ட அழிவுகள் பல. வீட்டைவிட்டு ஓடுபவர் கையில் முதலில் எடுப்பது பிள்ளையை. பின்னர் அடையாள அட்டையை. பாடசாலை அலுமாரியில் உள்ள குறிப்பேட்டை எடுப்பார் யாருமிலர். ஆகவே நீர் அவதானிப்பு முயற்சி எதுவாயினும், முதல் நாளிலேயே பதிவின் இரு பிரதிகளை எழுதப் பழக்குதல் வேண்டும். ஒன்று தோப்பூர்ப் பாடசாலையிலே இருக்க, மற்றையதை ஆண்டுதோறும் தை மாதத்தில், பெரும்போகத்து வெள்ளம் வடிந்தபின், ஆற்றின் தலைப்பிலுள்ள பேராதனை நூலகத்துக்கு அனுப்பி வைக்கலாம். அதனைப் பெற்றுக் கோவையிட்டு, அதே மாதத்தில் கெட்டம்பேயிலே தாமும் நீரை அள்ளி அளந்து, தம் எண்ணை மறுதபாலில் தோப்பூருக்கு அனுப்பும் பொறுப்பைத் தமிழ்ச் சங்கமும் விலங்கியற் சங்கமும் ஏற்கலாம். அதற்கு ஒரு கோவையும் இரண்டு முத்திரையும் வேண்டும்.